பிள்ளைகளின் சோம்பல் கண்: பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் சின்ன மகனுக்கு நாலரை வயதில் இடது கண் பார்வை மிகவும் குறைவாக இருப்பது தெரியவந்தது. அப்புறம் மூன்று வருடம் கண்ணாடி, நல்ல கண்ணை மூடும் ஒட்டு, ஈப்போ மருத்துவமனைப் பயணம் என்று ஓடினோம். அன்றிலிருந்து, யார் பிள்ளையின் கண்ணில் சந்தேகம் வந்தாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். பள்ளி வாசலில் கேட்பார்கள், கோயில் திருவிழாவில் கேட்பார்கள், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதேதான். அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்களிடமும் கண் பரிசோதிக்கும் ஆப்தோமெட்ரிஸ்டுகளிடமும் கேட்டுத் தெளிந்தது, படித்து உறுதி செய்துகொண்டது, இவைதான் இங்கே இருக்கின்றன. உங்கள் பிள்ளைக்கு என்ன பவர், எத்தனை மணி நேரம் ஒட்டு என்பதைப் பிள்ளையைப் பரிசோதித்தவர்தான் சொல்ல முடியும்.

சோம்பேறிக் கண்ணுன்னா என்ன டீச்சர்? கண்ணு வேலை செய்யாதா?

கண் வேலை செய்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தக் கண்ணின் உள்ளே கருவி வைத்துப் பார்த்தாலும் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். குறை மூளை கற்றுக்கொண்ட விதத்தில் இருக்கிறது. நடக்கவும் பேசவும் கற்பதுபோல, குழந்தை பார்க்கவும் கற்கிறது. பிறந்ததிலிருந்து ஏழெட்டு வயது வரை இந்தப் படிப்பு நடக்கிறது. இரண்டு கண்ணும் தெளிவான படம் அனுப்பினால் மூளை இரண்டையும் படிக்கும். ஒன்று மட்டும் மங்கலாகவோ வேறு திசையிலிருந்தோ அனுப்பினால், மூளை அதை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும். ஒதுக்கப்பட்ட கண் பார்க்கப் பழகாமலே போய்விடும்.

இதை 1960களில் டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளை வைத்துக் கண்டறிந்தார்கள். குட்டியாக இருக்கும்போது ஒரு கண்ணைச் சில வாரம் மூடிவைத்துப் பிறகு திறந்தால், கண் நன்றாக இருந்தும் மூளை அதன் செய்தியை வாங்கவில்லை. வளர்ந்த பூனைக்கு அதே காலம் மூடினால் அப்படி ஆகவில்லை. இந்த வகை ஆராய்ச்சிக்காக 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சின்ன வயதில் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் அவசரப்படுத்துவதற்கு இதுதான் அடிப்படை.

மருத்துவத்தில் இதன் பெயர் அம்பிளியோப்பியா. கிளினிக்கில் மலாயில் ‘மாத்தா மாலாஸ்’ என்பார்கள். சோம்பேறி என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. நான்கு வயதுப் பிள்ளை அதைக் கேட்டுத் தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறது. என் மகனிடம் ‘இந்தக் கண்ணு இன்னும் பாலர் பள்ளியில இருக்கு, அந்தக் கண்ணு பெரிய பள்ளிக்குப் போயிடுச்சு’ என்றுதான் சொன்னேன்.

பிள்ளை ஒண்ணும் சொல்லலையே. பார்வை தெரியலன்னா சொல்லும்தானே?

சொல்லாது. இந்த ஒரு பதிலையாவது எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறந்ததிலிருந்து அப்படியே பார்க்கும் பிள்ளைக்கு, எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்று எண்ணம். வலி இல்லை, சிவப்பு இல்லை, தண்ணீர் வடிவதில்லை. நல்ல கண் ஒன்று இருப்பதால் ஓடும், விளையாடும், படம் வரையும். என் மகன் ஆறு மாதம் என் வகுப்பிலேயே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். நான் அம்மா, அவனுக்கு ஆசிரியையும் நான்தான், எனக்கே தெரியவில்லை.

நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கலாம். நடுத்தர அளவுத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இருநூறு பேர் படித்தால், நான்கைந்து பேர். அதனால் சந்தேகம் வந்தால் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நான்கு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு முறை, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகச் சோதித்துவிட வேண்டும்.

மாறுகண்ணும் இதுவும் ஒண்ணா? மாறுகண் ராசின்னு பாட்டி சொல்றாங்க.

ஒன்றல்ல, ஆனால் உறவுக்காரர்கள். மாறுகண் என்பது கண்கள் நிற்கும் திசை. சோம்பல் கண் என்பது பார்வையின் அளவு. கண் விலகி நிற்கும்போது மூளைக்கு இரண்டு வேறு படம் வருகிறது. இரட்டையாகத் தெரியாமல் இருக்க ஒன்றை அணைத்துவிடுகிறது. அப்படி அணைக்கப்பட்ட கண்தான் சோம்பல் கண் ஆகிறது. சில பிள்ளைகள் இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். அவர்களுக்கு மாறுகண் இருந்தும் பார்வை இரண்டிலும் நன்றாக இருக்கும்.

ராசி விஷயம். பாட்டி பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று அன்பாகத்தான் சொல்கிறார். ‘ஒன்றரைக் கண்’ என்று பிள்ளையைக் கேலி செய்பவர்கள் மத்தியில் அது ஆறுதலாகவும் இருந்திருக்கும். ஆனால் அந்த ஆறுதலால் இரண்டு மூன்று வருடம் போய்விடுகிறது. பாட்டியிடம் வாதாட வேண்டாம். ‘ராசி இருக்கட்டும் பாட்டி, பார்வையும் இருக்கட்டும்’ என்று சொல்லிக் கூட்டிப்போங்கள்.

என் மகளுக்குக் கண்ணு நேராத்தான் இருக்கு. அவளுக்கும் இது வருமா?

வரும். பலர் ஏமாறுவது இங்கேதான். ஒரு கண்ணுக்குப் பவர் அதிகம், மற்றதற்குக் குறைவு அல்லது இல்லை என்றால், வெளியில் பார்த்து எதுவும் தெரியாது. என் மகனுக்கு இருந்தது இந்த வகை. வலது கண்ணுக்குக் கிட்டத்தட்ட பவர் இல்லை, இடது கண்ணுக்குப் பிளஸ் நான்கரை. இரண்டு கண்ணுக்குமே பவர் மிக அதிகமாக இருந்து கண்ணாடி போடாமல் விட்டால், இரண்டு கண்ணும் மந்தமாகலாம்.

மாறுகண், பவர் இவை போக மூன்றாவது வகை, வெளிச்சமே உள்ளே போகாமல் தடைபடுவது. பிறவிக் கண்புரை, விழியை மறைக்கும் அளவு தொங்கும் இமை போன்றவை. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் மிக அவசரமானது. ஒரு கண்ணில் அடர்த்தியான பிறவிக் கண்புரை இருந்தால், முதல் இரண்டு மாதத்துக்குள் அறுவை செய்வதையே மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

கைக்குழந்தைக்குக் கண்ணு அங்க இங்க அலையுது. பயப்படணுமா?

முதல் மூன்று நான்கு மாதம் அவ்வப்போது அலைவது இயல்பு. அதற்குப் பிறகும் அலைந்தால், அல்லது எந்த வயதிலும் ஒரு கண் எப்போதுமே ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால், காட்ட வேண்டும். மூக்குத்தண்டு அகலமாக இருக்கும் குழந்தைகளுக்குக் கண் உள்ளே போவதுபோல் ஒரு தோற்றம் வரும், முகம் வளர வளர அது மறையும். ஆனால் தோற்றமா உண்மையா என்பதை நாமே முடிவு செய்யக் கூடாது. ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்ற சொல் தோற்றத்துக்குத்தான் பொருந்தும், உண்மையான மாறுகண்ணுக்குப் பொருந்தாது.

போட்டோ எடுத்தா ஒரு கண்ணு மட்டும் வெள்ளையா மின்னுது. ஃபோன் கோளாறா?

ஃபோன் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போது கண்மணி சிவப்பாகத் தெரிவது இயல்பு. ஒன்று வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால், கோணத்தால் இருக்கலாம், கண்புரையாக இருக்கலாம், விழித்திரையில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்தப் புற்றுநோய் சின்னப் பிள்ளைகளுக்கு வரக்கூடியது, சீக்கிரம் கண்டால் உயிரைக் காப்பாற்றலாம். பள்ளி விடுமுறை வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரமே போங்கள். படத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வீட்டிலேயே பார்க்க ஏதாவது வழி இருக்கா?

ஒரு வழி உண்டு. பிள்ளை பிடித்த கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து உங்கள் உள்ளங்கையால் ஒரு கண்ணை மறையுங்கள், கண்ணை அழுத்தாமல். கொஞ்ச நேரம் கழித்து மறு கண்ணை மறையுங்கள். ஒரு கண்ணை மறைக்கும்போது சும்மா இருந்து, மறு கண்ணை மறைக்கும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டாலோ, தலையைத் திருப்பினாலோ, அழுதாலோ, நீங்கள் மறைத்தது நல்ல கண்ணாக இருக்கலாம்.

வெயிலில் ஒரு கண்ணை மட்டும் சுருக்குவது, எப்போதும் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பது இவற்றையும் கவனியுங்கள். ஆனால் இந்தச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் பிள்ளைக்குக் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. என் மகன் இரண்டு கையையும் தட்டிவிட்டான், அவனுக்குக் கார்ட்டூன்தான் முக்கியம்.

எங்க போகணும்? எவ்வளவு செலவாகும்?

முதலில் உங்கள் வட்டாரத்து அரசாங்க சுகாதார கிளினிக்குக்குத்தான் (கிளினிக் கெசிஹாத்தான்) போக வேண்டும். பிள்ளையின் மைகிட் அடையாள அட்டை, சுகாதாரப் புத்தகம் இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். ‘கண் பார்வையை ஒவ்வொரு கண்ணாகச் சோதிக்க வேண்டும்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கண் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போகிறார்கள். குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி என்ற அளவில்தான் கட்டணம். உண்மையான செலவு பஸ்ஸும், ஒரு நாள் சம்பளமும், பிறகு கண்ணாடியும். அதனால் தேதி வாங்கும்போதே வேலை நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள், முடிந்த அளவு மாற்றித் தருவார்கள்.

கண்ணாடிக் கடையில் ஓர் எச்சரிக்கை. 1991ஆம் ஆண்டு சட்டப்படி நம் நாட்டில் கண்ணாடி பொருத்தித் தரும் ஆப்டீஷியன் வேறு, ஆப்தோமெட்ரிஸ்ட் வேறு. கண் பரிசோதனைக்கென்று படித்தவர் ஆப்தோமெட்ரிஸ்ட். பிள்ளைக்கு அவர் இருக்கும் கடையைத் தேடுங்கள். நாங்கள் முதலில் போன கடையில், ‘சின்னப் பிள்ளைக்கு இப்பப் பார்க்க முடியாது, ஏழு வயசில கொண்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பினார்கள். நானும் நம்பி எட்டு மாதம் விட்டுவிட்டேன். அந்த எட்டு மாதம் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

முதலாம் ஆண்டில பள்ளிக்கு வந்து மிஸி பார்ப்பாங்களே, அது போதாதா?

பள்ளி சுகாதாரக் குழுவின் தாதியர் வந்து பார்ப்பது நல்ல ஏற்பாடு. அதில் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் அப்போது வயது ஏழு. முதல் பதிலில் சொன்ன கற்கும் காலம் முடியப் போகும் நேரம். நான்கில் ஆரம்பித்தால் எளிதாக வருவது, ஏழில் அதிக உழைப்பில்தான் வரும். பள்ளியில் தாள் கொடுத்து அனுப்பினால், அதை மேசை இழுப்பறையில் போட்டு வைக்காதீர்கள்.

ஏபிசி தெரியாத பிள்ளைக்கு எப்படிப் பவர் பார்ப்பாங்க?

எழுத்துக்குப் பதில் வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் போன்ற படங்களைக் காட்டி, கையிலுள்ள அட்டையில் அதே படத்தைத் தொடச் சொல்வார்கள். மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் செய்துவிடும். முதல் நாளுக்கு முன் வீட்டில் இதை விளையாட்டாகப் பழக்கினால் அங்கே நேரம் மிச்சம்.

பவர் பார்க்கப் பிள்ளையின் பதிலே தேவையில்லை. சொட்டு மருந்து போட்டுக் கண்மணியை விரித்து, ஒளியைக் காட்டி, அது திரும்பி வருவதைப் பார்த்தே கணக்கிடுவார்கள். பிள்ளைகளின் கண் தசை வலுவானது. மருந்து போடாமல் பார்த்தால், அது இழுத்துப் பிடித்து உண்மையான பவரை மறைத்துவிடும். மருந்து கொஞ்சம் எரியும். அன்று முழுக்க கிட்டப் பார்வை மங்கலாக, வெளிச்சம் கூசலாக இருக்கும், சில சமயம் மறுநாளும் இருக்கும். தொப்பி கொண்டு போங்கள், அன்று வீட்டுப்பாடம் வேண்டாம்.

6/6, 6/24 என்று எழுதித் தருவார்கள். 6/24 என்றால், நல்ல கண் 24 மீட்டரில் பார்க்கும் எழுத்தை உங்கள் பிள்ளை 6 மீட்டருக்கு வந்தால்தான் பார்க்கும். கீழே உள்ள எண் குறையக் குறைய நல்லது.

நாலு வயசுல கண்ணாடியா? போட்டா பவர் ஏறிடும்னு சொல்றாங்களே.

ஏறாது. இந்தப் பிள்ளைக்குக் கண்ணாடிதான் முதல் மருந்து. மங்கலான படத்தைத் தெளிவாக்கி மூளைக்கு அனுப்புவது அதன் வேலை. இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் உள்ள பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்கு, ஒட்டு எதுவும் இல்லாமல் கண்ணாடியிலேயே சோம்பல் கண் முழுதாகச் சரியாகிவிடுவதாக அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. அதனால்தான் மருத்துவர் முதலில் சில வாரம் கண்ணாடி மட்டும் போடச் சொல்வார். எத்தனை வாரம் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2024இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், பதினெட்டு வாரம் காத்திருந்தவர்களைவிட மூன்று வாரத்தில் ஒட்டுத் தொடங்கியவர்கள் நல்ல பலன் பெற்றார்கள்.

விழித்திருக்கும் நேரம் முழுக்க கண்ணாடி இருக்க வேண்டும். படிக்கும்போது மட்டும் போட்டால் பலன் குறையும். முதல் சில நாள் ‘இது போட்டா நல்லா தெரியல’ என்று பிள்ளை சொல்லலாம். மூளை இன்னும் அந்தக் கண்ணோடு பேசிப் பழகவில்லை, அவ்வளவுதான். நழுவாமல் இருக்க காதுக்குப் பின்னால் வார் வைத்த பிரேம் வாங்குங்கள், உடையாத பாலிகார்பனேட் கண்ணாடியாகக் கேளுங்கள்.

நல்ல கண்ணைப் போய் ஏன் மூடணும்? கெட்ட கண்ணைத்தானே மூடணும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் வீட்டு வேலை செய்கிறார்கள். அண்ணன் கெட்டிக்காரன், எல்லாவற்றையும் அவனே செய்துவிடுகிறான். தம்பி ஒன்றும் பழகவில்லை. அண்ணனைச் சில மணி நேரம் வெளியே அனுப்பினால்தான் தம்பி கை வைப்பான். ஒட்டுப் போட்ட நேரத்தில் மூளைக்கு வேறு வழி இல்லை, மந்தமான கண்ணைத்தான் நம்பியாக வேண்டும்.

எந்தக் கண் என்று ஒட்டும் ஒவ்வொரு நாளும் உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டில் பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று பலர் ஒட்டுவார்கள். ஒரு குடும்பத்தில் மூன்று வாரம் தவறான கண்ணை மூடியிருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டி மேல் பிள்ளையின் படத்தை ஒட்டி, மூட வேண்டிய கண்ணில் வட்டம் போட்டு வைப்பது நல்லது.

நாளைக்கு எத்தனை மணி நேரம்? முழு நாளும் மூடினா சீக்கிரம் சரியாகும்ல?

அப்படி இல்லை. அமெரிக்காவில் 2003இல் வெளியான ஆய்வில், நடுத்தர அளவு குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு நாளைக்கு 2 மணி நேரமும் 6 மணி நேரமும் ஒரே பலனைத் தந்தன. கடுமையான குறைபாட்டில் 6 மணி நேரமும் முழு நாளும் ஒரே பலன். அதனால் மருத்துவர் 2 மணி என்றால் 2 மணி போதும். சொன்ன நேரத்தை விடாமல் ஒவ்வொரு நாளும் செய்வதுதான் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டு மணி நேரம் ஒட்டிக் கணக்கை நேர் செய்ய முடியாது.

ஒட்டுப் போட்ட உடனே பிய்ச்சு எறியுறான். அழுது ஆர்ப்பாட்டம் பண்றான். என்ன செய்ய?

அவன் இடத்தில் நின்று பாருங்கள். நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த உலகத்தைச் சட்டென்று பனிமூட்டம் ஆக்கிவிட்டோம். அவன் அழுவது நியாயம். முதல் இரண்டு வாரம்தான் மிகவும் கஷ்டம். பார்வை கொஞ்சம் தேறத் தொடங்கினால் எதிர்ப்பும் குறையும்.

எங்கள் வீட்டிலும் வகுப்பிலும் பலித்ததைச் சொல்கிறேன். ஒரே நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மாலை நான்கு மணி. குளித்து, முகம் நன்றாகத் துடைத்து, காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்த பிறகு ஒட்டுவோம். நம் ஊர் வெயிலில் வியர்வையோடு ஒட்டினால் பத்து நிமிடத்தில் கழன்றுவிடும். முதல் நாள் பத்து நிமிடம், மறுநாள் இருபது என்று ஏற்றினோம். ஒட்டு இருக்கும் நேரத்துக்கென்று மட்டும் ஒரு பெட்டி வைத்தோம். வண்ணப் பென்சில், மணி கோர்ப்பது, பச்சைப் பயறும் கச்சானும் கலந்து பிரிப்பது. ஒட்டு எடுத்ததும் பெட்டியும் மூடப்படும். ஐந்தாவது நாள் அவனே பெட்டியைக் கேட்டான்.

ஒட்டைத் தோலில் ஒட்டி, அதன் மேல் கண்ணாடி போடுங்கள். கண்ணாடியில் மாட்டும் துணி உறையில் பிள்ளை ஓரமாக எட்டிப் பார்த்துவிடும். தோல் சிவந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெதுவாக எடுங்கள், ஒட்டும் இடத்தைத் தினமும் சற்று மாற்றுங்கள். புண்ணானால் இரண்டு நாள் விட்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒட்டு இருக்கும்போது சைக்கிள், படி, அடுப்பங்கரை இவற்றில் தனியாக விட வேண்டாம்.

அம்மா தொழிற்சாலையில் ஷிஃப்டுக்குப் போனபிறகு பாட்டி ‘பாவம் பிள்ளை’ என்று பிரித்துவிடுவது பல வீட்டில் நடக்கிறது. பாட்டியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அடுத்த தேதிக்கு அவரையும் ஈப்போவுக்குக் கூட்டிப்போங்கள். பேரன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பெரிய படத்தைக்கூடத் தெரியாமல் தடுமாறுவதை அவரே பார்க்கட்டும். எங்கள் மாமியார் அன்றைக்குப் பிறகு கடிகாரத்தைப் பார்த்து ஒட்டும் ஆளாக மாறிவிட்டார்.

வகுப்பில் கேலி வந்தால் ஆசிரியரிடம் பேசுங்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை ஒட்டோடு வரும்போது கதை நேரத்தில் நானும் ஒன்று ஒட்டிக்கொள்வேன். இரண்டாம் நாளே எல்லோரும் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்பார்கள்.

ஒட்டுக்குப் பதிலா சொட்டு மருந்து இருக்காமே?

இருக்கிறது. அட்ரோபின் சொட்டு. நல்ல கண்ணில் விட்டால் அதன் கிட்டப் பார்வை மங்கும், அந்த நேரம் மற்றக் கண் வேலை செய்யும். நடுத்தரக் குறைபாட்டுக்கு ஒட்டுக்கு நிகரான பலன் என்று 2002இல் ஆய்வு வந்தது. பிறகு, வார இறுதி இரண்டு நாள் மட்டும் விட்டாலும் போதும் என்று தெரிந்தது. ஒட்டோடு போராடி ஓய்ந்துபோன வீடுகளுக்கு நல்ல வழி.

ஆனால் இது மருத்துவர் தந்தால் மட்டுமே. வெயிலில் கண் கூசும், தொப்பி தேவை. முகம் சிவந்து, உடம்பு சுட்டு, நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சொட்டு விட்டதும் கண்ணின் மூக்கோரத்தை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், கையைக் கழுவுங்கள், புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் ஆபத்து.

பொன்னாங்கண்ணி, கேரட், தாய்ப்பால் சொட்டு இதெல்லாம் உதவாதா?

கீரையும் கேரட்டும் உடம்புக்கு நல்லது, சமைத்துக் கொடுங்கள். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அவை பொருந்தும். இது அந்த நோய் இல்லை, மூளை பழகாத பார்வையைச் சாப்பாடு பழக்காது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு எதையும் கண்ணில் விட வேண்டாம். கிருமி சேர்ந்தால் கருவிழியில் புண் வரும்.

ஃபோன்ல கேம் விளையாடினா சரியாகுமாமே?

சாதாரண கேம் சிகிச்சை ஆகாது. ஒட்டு நேரத்தில் பிள்ளையை உட்கார வைக்க அரை மணி உதவலாம், அவ்வளவுதான். இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறு அளவு தெளிவில் படம் காட்டிச் சேர்த்துப் பழக்கும் சிகிச்சைகள் வந்திருக்கின்றன. லுமினோப்பியா என்ற தலைக்கருவிக்கு அமெரிக்காவில் 2021இல் அனுமதி கிடைத்தது. ஆனால் டேப்லெட் விளையாட்டு ஒன்றை ஒட்டோடு ஒப்பிட்டபோது அது ஒட்டை மிஞ்சவில்லை. இணையத்தில் விற்கும் கண் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பணத்தில் நல்ல கண்ணாடி வாங்குங்கள்.

மாறுகண்ணுக்கு ஆப்பரேஷன் பண்ணிட்டா எல்லாம் முடிஞ்சிடும்ல?

மாறுகண்ணும் சோம்பல் கண்ணும் வேறு என்று மேலே சொன்னேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது. அறுவை கண்ணை நேராக நிறுத்தும், பார்வையைக் கற்றுத்தராது. பெரும்பாலும் முதலில் கண்ணாடியும் ஒட்டும், பார்வை தேறிய பிறகு அறுவை. பிளஸ் பவர் அதிகம் இருப்பதால் உள்ளே திரும்பும் கண் சில பிள்ளைகளுக்குக் கண்ணாடி போட்டதுமே நேராகிவிடும். அவர்கள் கண்ணாடியைக் கழற்றினால் மறுபடி திரும்பும், அதைக் கண்டு கண்ணாடிதான் கெடுத்தது என்று நினைக்க வேண்டாம்.

பையனுக்குப் பதினொண்ணு ஆயிடுச்சு. இனி ஒண்ணும் முடியாதா?

முடியாது என்று வீட்டிலிருந்தே தீர்ப்பு எழுதாதீர்கள். 7 முதல் 17 வயதுப் பிள்ளைகளை வைத்து 2005இல் ஓர் ஆய்வு வந்தது. 7 முதல் 12 வரை, கண்ணாடியோடு ஒட்டு முதலிய சிகிச்சை பெற்றவர்களில் 53 விழுக்காட்டினருக்குப் பார்வை சோதிக்கும் அட்டையில் இரண்டு வரியாவது முன்னேற்றம். கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 விழுக்காடு. 13 முதல் 17 வரை, முன்பு சிகிச்சையே பெறாதவர்களில் 47 விழுக்காட்டினர் தேறினார்கள். முழுப் பார்வை எல்லோருக்கும் வரவில்லை, ஆனால் 6/60இலிருந்து 6/24க்கு வருவது அந்தப் பையனுக்குப் பெரிய விஷயம். வயது வந்தவர்களுக்குப் பலன் மிகக் குறைவு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நல்ல கண்ணைப் பாதுகாப்பது பற்றி, அது கீழே வருகிறது.

சரியாயிடுச்சுன்னு நிறுத்திட்டோம். திரும்ப வருமா?

வரலாம். சிகிச்சையை நிறுத்திய முதல் வருடத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பிள்ளைக்குப் பார்வை மறுபடி குறைகிறது. ஆறு மணி நேரம் ஒட்டியவர்கள் திடீரென்று நிறுத்தாமல், இரண்டு மணியாகக் குறைத்துப் பிறகு நிறுத்தினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. கண்ணாடியை மட்டும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. எங்களுக்கும் ஏழு வயதில் இரண்டு வரி இறங்கியது. மூன்று மாதம் மறுபடி ஒட்டினோம், திரும்பி வந்தது. தேதிகளைத் தவறவிடாததால்தான் அது கண்ணில் பட்டது.

தொடர்ந்து மூடினா நல்ல கண்ணு கெட்டுப்போகாதா? அதுக்கு அடிபட்டா?

முதல் பயம் நியாயமானது. அதிகமாக மூடினால் நல்ல கண்ணின் பார்வை குறையக்கூடும், சின்ன வயதில் அதிகம். சிகிச்சைக் காலத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறை இரண்டு கண்ணையும் சோதிப்பது இதற்காகத்தான். சீக்கிரம் கண்டால் ஒட்டைக் குறைத்ததும் பெரும்பாலும் மீண்டு வரும். ‘நல்லாத்தானே இருக்கு’ என்று தேதிக்குப் போகாமல் ஒட்டுவதை மட்டும் தொடர்வது ஆபத்து.

இரண்டாவது பயம் வாழ்நாள் முழுக்க உள்ளது. ஒரு கண்ணை நம்பி வாழ்பவருக்கு அந்தக் கண் போனால் எல்லாம் போய்விடும். பட்மின்டன் பந்து கண்ணில் நேராகப் படக்கூடியது, நம் பிள்ளைகள் எல்லோரும் ஆடுகிறார்கள். தீபாவளிக்குப் பட்டாசு. பெரியவர்களாக இருந்தால் செம்பனைக் குலை வெட்டும்போது விழும் முள்ளும் தூசியும், புல் வெட்டும் இயந்திரத்திலிருந்து தெறிக்கும் கல்லும். இந்த நேரங்களில் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். உங்கள் கணவருக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதிலிருந்து ஒரு கண் மந்தம் என்றால், இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

மூத்தவளுக்கு இருக்கு. சின்னவனுக்கும் வருமா?

வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். மாறுகண்ணும் அதிகப் பவரும் குடும்பத்தில் ஓடக்கூடியவை. அப்பா அம்மாவுக்குச் சின்ன வயதில் இருந்திருந்தாலும் அப்படித்தான். மூத்தவளின் அடுத்த தேதிக்குப் போகும்போது சின்னவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடிதம் தனியாக வேண்டும், முதல் நாளே கிளினிக்கில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.